புட்புட்டிக்கு ஓய்வு எப்போது?



ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால், கல்கத்தாத் தமிழர் வீடுகளில் ஒரு மாறாத சுற்றுலாத் திட்டம் உண்டு. காலையில் காளிகாட். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சிறு தூக்கம். மாலையில் தட்சிணேசுவரம். அங்கே தரிசனம் முடித்து, படித்துறையில் இறங்கிப் படகேறினால் ஆரத்தி நேரத்துக்குப் பேலூர் மடம். (கொல்கத்தா என்று பெயர் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. என் வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

1980-களின் கடைசியில் என் மாமியார் தூத்துக்குடியிலிருந்து முதல் தடவையாக வந்திருந்தார். வழக்கப்படி அவரையும் அந்தப் படகில் ஏற்றினேன். நடு ஆற்றில் அவர் ஏதோ கேட்டார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "ஆமாம் அத்தை, நிறையவே கிடைக்கும்" என்றேன். கரை சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டது, "மாப்பிள்ளை, இங்கே படகு கவிழ்கிறது உண்டா?" என்று. நான் பிரசாதத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்! அன்றைக்கு என்மீது ஏற்பட்ட அவநம்பிக்கை அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

காரணம் நானல்ல, படகின் என்ஜின். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் பம்ப் என்ஜினைத் தூக்கி நாட்டுப் படகில் வைத்துவிட்டார்கள். அது போடும் சத்தத்தையே வங்காளிகள் அந்தப் படகுக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள்: 'புட்புட்டி'. கங்கையில் மட்டுமல்ல, சுந்தரவனம் வரைக்கும் இதே பெயர், இதே சத்தம், இதே கரும்புகை.

இந்தப் புட்புட்டியை மின்சாரத்தில் ஓட்ட முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நான் விஞ்ஞானி அல்லன். கிதிர்ப்பூர்ப் பக்கம் மின்மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் காயில் சுற்றியவன். அந்தக் கையோடு ஒரு சின்ன முயற்சியில் இறங்கினேன். அதில் கிடைத்த லாபத்தையும் நஷ்டத்தையும் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

தரையெல்லாம் மின்சாரம், ஆற்றில் மட்டும் புகை

நம் நகரத்துக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு. 1879-லேயே இங்கே மின்விளக்கை எரித்துக் காட்டினார்கள். 1899-ல் மின் உற்பத்தி நிலையம் வந்தது. 1902-ல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. (சென்னையில் 1895-லேயே ஓடிவிட்டது என்பதை வங்காளி நண்பர்களிடம் அடக்கத்துடன் நினைவுபடுத்தலாம்.) 1957-ல் ஹௌராப் பக்கம் மின்சார ரயில், 1984-ல் மெட்ரோ. 2024 மார்ச்சில் அந்த மெட்ரோ கங்கைக்கு அடியிலேயே போக ஆரம்பித்துவிட்டது. சந்து பொந்தெல்லாம் 'டோட்டோ' எனப்படும் பாட்டரி ரிக்‌ஷா. ஆற்றுக்கு மேலே பாலத்திலும் மின்சார வண்டி போகிறது, கீழே சுரங்கத்திலும் போகிறது. நடுவில் தண்ணீரில் மட்டும் டீசல்!

இத்தனைக்கும் மின்சாரப் படகு டீசல் படகைவிட மூத்தது. 1838-39-லேயே யாகோபி என்ற அறிஞர் ரஷ்யாவில் நேவா ஆற்றில் பாட்டரியால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். 1881-ல் துரூவே என்பவர் பாரிஸில் சேன் ஆற்றில் ஓட்டினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட 55 மின்சாரப் படகுகள் ஓடின. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமய மாநாடும் அந்தக் கண்காட்சியை ஒட்டி அதே ஆண்டு, அதே ஊரில் நடந்ததுதான். ருடால்ஃப் டீசலின் என்ஜின் ஒழுங்காக ஓடியது 1897-ல்தான்.

அப்படியிருந்தும் இளையவன் மூத்தவனை விரட்டிவிட்டான். ஏன்? கணக்கு அப்படி. அந்தக் கணக்கைப் பிறகு போடுவோம்.

தண்டல் வீட்டுப் பிள்ளை

என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவனைத் தண்டல் என்பது எங்கள் ஊர் வழக்கு. பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவார். காற்று இருந்தால் பயணம், இல்லாவிட்டால் நடுக்கடலில் காத்திருப்பு. தோணிகளில் என்ஜின் வைக்க ஆரம்பித்த பிறகு அந்தக் காத்திருப்பு போயிற்று. "காத்தைப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு வேலை போச்சு, கரண்டி பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு வேலை வந்துச்சு" என்று தாத்தா சொல்வார். கரண்டி என்று அவர் சொன்னது ஸ்பேனரை.

1974-ல் பிழைப்புக்காக இங்கே வந்த நான், ஊர் ஞாபகம் வந்தால் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. பராநகர்ப் பக்கம் ஒரு படித்துறையில் ஒரு படகுக்காரர் பழக்கமானார். இங்கே படகுக்காரரை 'மாஜி' என்பார்கள். இருபத்திரண்டு அடி நாட்டுப் படகு. மீன் வலை போடுவார், அக்கரைக்குக் காய்கறி மூட்டை கொண்டு போவார். நடுவில் ஒரு மூங்கில் பாய்மரமும் ஒட்டுப்போட்ட பாயும் பேருக்குக் கிடந்தன. பின்பக்கம் ஆறு குதிரைசக்தி டீசல் என்ஜின்.

மாஜி என்னைத் 'தாதா' என்று கூப்பிடுவார். ஆனால் நான் பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. இருபத்தைந்து வருஷம் என்ஜினுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சுக்கான் பிடித்ததில் காது போய்விட்டது. வீட்டில் பேரக்குழந்தையின் மழலைகூடக் கேட்பதில்லை என்று ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசனை வந்தது அவர் மகனுக்கு. அந்தப் பையன் டோட்டோ ஓட்டுகிறவன். "ஜேட்டு, என் பழைய வண்டி மோட்டாரைப் பாபாவின் படகில் வைத்தால் ஓடாதா?" என்று என்னிடம் கேட்டான். ஜேட்டு என்றால் பெரியப்பா. பெரியப்பா முறை கொண்டாடிக் கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல முடியுமா?

ஒரு லிட்டர் டீசலும் ஒரு மூட்டை பாட்டரியும்

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அன்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். விஷயத்தின் உயிர்நாடியே இதுதான்.

ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பழைய பம்ப் என்ஜினில் அதில் இரண்டரை யூனிட்தான் புரொப்பெல்லர் தண்டுக்குப் போய்ச் சேரும். மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் போகிறது. மின்மோட்டாரோ, வாங்கும் 10 யூனிட்டில் 8 யூனிட்டுக்கு மேல் வேலையாகத் திருப்பிக் கொடுத்துவிடும். இதுவரை மோட்டார் பக்கம்தான் ஜெயம்.

ஆனால் அந்த இரண்டரை யூனிட்டைச் சுமந்து போக வேண்டுமே! டீசலாக இருந்தால் ஒரு கிலோவுக்கும் குறைவு. டோட்டோவில் வைக்கும் ஈய பாட்டரியாக இருந்தால்? 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பாட்டரியில் இருப்பது 1.2 யூனிட். அதை அடிவரை வழித்து எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே பாதிதான் எடுக்கலாம். ஒரு லிட்டர் டீசலுக்கு ஈடாக நாலைந்து பாட்டரி, நூறு கிலோவுக்கு மேல் சுமை! நூறு வருஷத்துக்கு முன் மின்சாரப் படகு தோற்றது இங்கேதான். இப்போது வந்திருக்கும் லித்தியம் பாட்டரி இதே வேலையை முப்பது நாற்பது கிலோவில் செய்துவிடும். அதனால்தான் ஆட்டம் திரும்ப ஆரம்பித்திருக்கிறது.

இன்னொரு ரகசியம் தண்ணீரிலேயே இருக்கிறது. படகின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். திருப்பிச் சொன்னால், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். போய்ச் சேர இரண்டு மடங்கு நேரமாகும், சரி. ஆனாலும் அதே தூரத்துக்கு ஆகும் மொத்தச் செலவு நாலில் ஒரு பங்குதான். நிதானமாகப் போகிறவனுக்கே பாட்டரி ஒத்துவரும். அவசரக்காரனுக்குக் கட்டுப்படியாகாது.

என்ஜின் இறங்கியது, மோட்டார் ஏறியது

ஒரு தை மாதத்தில், அதாவது இவர்களுடைய 'மாக்' மாதத்தில், வேலையைத் தொடங்கினோம். ஆற்றில் அப்போதுதான் நீரோட்டம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும்.

என்ஜினைக் கழற்றி இறக்க நாலு ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் டோட்டோவின் 48 வோல்ட் மோட்டாரை வைத்தோம். சக்தி ஒரு கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். மோட்டார் மிக வேகமாகச் சுற்றும், புரொப்பெல்லருக்கு அவ்வளவு வேகம் ஆகாது. வேகமாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்குமே தவிரப் படகைத் தள்ளாது. ஆகவே சிறிய புல்லி ஒன்று, பெரிய புல்லி ஒன்று போட்டு, பெல்ட் மூலம் வேகத்தை மூன்றில் ஒன்றாக்கினோம். பழைய தண்டும் புரொப்பெல்லரும் அப்படியே இருந்தன.

நாலு பாட்டரிகளை எங்கே வைப்பது? ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். மாஜி படித்தவரல்லர், ஆனால் படகு அவர் கைரேகை மாதிரி. "நடுவில், அடியில், பலகையோடு கட்டு" என்றார். அதுதான் சரி. சுமை கீழே இருந்தால் படகு தள்ளாடாது. பாட்டரி ஏறிய பிறகு நீர்மட்டக் கோட்டைப் பார்த்தோம். என்ஜின் இருந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. இறங்கிய சுமையும் ஏறிய சுமையும் ஏறக்குறைய சரியாகப் போயிற்று.

ஆளேற்றும் படகில் இப்படியெல்லாம் நம் இஷ்டத்துக்குக் கைவைக்கக் கூடாது. அதற்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல் சட்டப்படி பரிசோதனையும் சான்றிதழும் வேண்டும். நாங்கள் ஒரு பயணியையும் ஏற்றவில்லை. நாங்கள் மூவர் மட்டும், மூவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம்.

சாவியைத் திருப்பினான் பையன். ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. மாஜி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். கரை நகர்ந்துகொண்டிருந்தது! தண்ணீர் பலகையில் சளசளவென்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது. என் தாத்தாவின் தோணியில் சின்னப் பிள்ளையாக ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே சத்தம்.

நீரோட்டம் நிற்கும் வேளையில் இரண்டு படித்துறைகளுக்கு இடையே கடிகாரம் வைத்துப் பார்த்தோம். மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். பழைய என்ஜினில் ஏழு, எட்டு போகும். பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் மூன்று மணி நேரம் ஓடியது.

இரண்டு பாடங்கள்

முதல் பாடம் என் தலைக்கனத்துக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வருஷ அனுபவம் என்ற நினைப்பில், ஒரு பாட்டரி முனையின் போல்ட்டை நானே கையால் முறுக்கிவிட்டு, சாவி போட்டு இறுக்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் நடு ஆற்றில் ரப்பர் கருகும் வாடை. தளர்ந்த இணைப்பு சூடேறி, வயரின் உறை உருகிக்கொண்டிருந்தது. பையன் சட்டென்று சுவிட்சை அணைத்ததால் தப்பினோம். பாட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட்டிருக்க வேண்டும், நானோ தள்ளிப் போட்டிருந்தேன். 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் கூடாது. ஷாக் அடிக்காவிட்டாலும் தீப் பிடிக்கும். இன்னொன்று: ஈய பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய அறையில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாடம் கங்கையே கற்பித்தாள். நம் ஹூக்ளி வெறும் ஆறல்ல, பாதி கடல். தினமும் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றம். 'ஜோவார்', 'பாட்டா' என்று வங்காளத்தில் சொல்வார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓட்டத்தின் வேகம் பலமடங்கு கூடும். சில நாள் 'பான்' என்னும் பேரலை சுவர்போல ஏறி வரும், படித்துறையில் குளிப்பவர்களெல்லாம் கத்திக்கொண்டு மேலே ஓடுவார்கள்.

பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள். தெற்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்சு சுவாரஸ்யத்தில் நேரம் தவறி, வற்றம் முழு வேகத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டது. மோட்டார் முழு மூச்சாகச் சுற்றுகிறது. ஆனால் கரையில் இருந்த ஆலமரம் முன்னால் போகிறது, நாங்கள் பின்னால் போகிறோம்! பாட்டரி முள்ளும் இறங்குகிறது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

மாஜி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், அந்த ஒட்டுப்போட்ட பாயை அவிழ்த்து விரித்தார். பங்குனி சித்திரையில் கல்கத்தாவில் மாலைக்கு மாலை தென்றல் வருமே, அந்தத் தெற்குக் காற்று பாயில் நிறைந்தது. ஆறு தெற்கே இழுக்கிறது, காற்று வடக்கே தள்ளுகிறது. பாயும் மோட்டாரும் சேர்ந்தபோது ஆலமரம் மெல்ல எங்கள் பக்கம் வந்தது. ஒரு மைல் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரமானாலும் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு என் தாத்தா சொன்னது எனக்குப் புரிந்தது. காற்றைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு வேலை போகவில்லை. டீசல் வந்து அவனைத் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தது, அவ்வளவுதான். மேல்நாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பலர் டீசலை எடுத்துவிட்டு மோட்டார் வைக்கிறார்கள். நல்ல காற்றில் பாய் இழுக்கும்போது, தண்ணீர் புரொப்பெல்லரைச் சுற்ற, மோட்டாரே டைனமோவாகி பாட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பிக் கொடுக்கும்படியும் செய்கிறார்கள். எங்கள் டோட்டோ மோட்டாரில் அந்த வசதி இல்லை. ஆனாலும் பாயும் பாட்டரியும் அண்ணன் தம்பி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

நம் அண்டை வீடான கேரளத்தைப் பாருங்கள். 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு ஓட ஆரம்பித்தது. 75 பேர் உட்காரலாம். கூரையெல்லாம் சூரியப் பலகை, அடியில் லித்தியம் பாட்டரி. டீசல் படகுக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் எரிபொருள் செலவு இதற்குச் சில நூறு ரூபாய்தான். பெரியாருக்கு 'வைக்கம் வீரர்' என்ற பெயர் வாங்கிக் கொடுத்த அதே வைக்கம்! 2023 ஏப்ரலில் கொச்சியில் 'வாட்டர் மெட்ரோ' வந்தது. நூறு பேர் போகும் பாட்டரிப் படகுகள், கொச்சிக் கப்பல் தளத்திலேயே கட்டியவை. எங்கள் தூத்துக்குடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹைட்ரஜனில் மின்சாரம் உண்டாக்கி ஓடும் நாட்டின் முதல் உள்நாட்டுப் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28-ல் தொடங்கி வைத்தது தூத்துக்குடி விழாவில்தான். காசியில் ஓடுவதற்காகக் கொச்சியில் கட்டிய படகு அது.

நம் கல்கத்தாவும் சும்மா இருக்கவில்லை. கார்டன் ரீச் கப்பல் தளம் மேற்கு வங்க அரசுக்காக 'டேவு' என்ற மின்சாரப் படகைக் கட்டியிருக்கிறது. டேவு என்றால் அலை. இரட்டை உடல் கொண்ட படகு, 150 பேர் போகலாம். ஆற்றுப் போக்குவரத்தைச் சீர்செய்ய உலக வங்கியுடன் 2021 ஜனவரியில் பத்தரைக் கோடி டாலருக்கு ஒப்பந்தமும் ஆனது. 1823-ல் இதே ஆற்றங்கரையில், கிதிர்ப்பூரில்தான் 'டயானா' என்ற நீராவிப் படகைக் கட்டி, பாயிலிருந்து நீராவிக்குப் போனார்கள். இருநூறு வருஷத்தில் அடுத்த மாற்றத்தை அதே கரை பார்க்கிறது.

ஏரியில் ஒரு மாலை

இதெல்லாம் டீசல் மிச்சப்படுத்தும் சமாச்சாரம் மட்டுமல்ல என்று எனக்கு உறைத்தது வேறு ஓரிடத்தில்.

ரவீந்திர சரோவர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. லேக் மார்க்கெட்டில் காய்கறியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, லேக்கைச் சுற்றி நாலு நடை நடக்காத தமிழர் யார்? 2022 மே 21-ஆம் தேதி மாலை, அந்த ஏரியில் பள்ளி மாணவர்கள் துடுப்புப் படகுப் பயிற்சியில் இருந்தபோது கால்பைசாகிப் புயல் அடித்தது. படகு கவிழ்ந்தது. இரண்டு பையன்கள் கரை சேரவில்லை. அன்று அந்த ஏரிக்கரை நின்ற நிலையை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு பத்திரிகைகளில் பெரிதாக எழுந்த கேள்வி: துணைக்கு ஒரு மோட்டார் படகு ஏன் இல்லை? ஏரித் தண்ணீர் கெடக் கூடாது என்பதற்காக எரிபொருள் படகுகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருந்தது என்பது பதில். தண்ணீரையும் காக்க வேண்டும், பிள்ளைகளையும் காக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா?

நண்பர்களே, இந்த இடத்தில்தான் பாட்டரிப் படகுக்கு ஈடு வேறில்லை. ஏரியில் நீரோட்டம் இல்லை. தூரம் குறைவு. கரையிலேயே சார்ஜ் போடலாம். என்ஜினைப் போலக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டாம், சாவியைத் திருப்பிய கணமே புறப்படும். எண்ணெய் சொட்டாது, புகை வராது. முக்கியமாக, ஓட்டுகிறவனுக்குத் தண்ணீரிலிருந்து ஒரு பையன் கத்தினால் கேட்கும். என் மாமியார் கேட்டது எனக்குக் கேட்காமல் போனது வேடிக்கை. அந்த இடத்தில் கேட்காமல் போனால் அது வேடிக்கை அல்ல.

மாஜியின் கணக்கு

மறுபடியும் ஆற்றுக்கு வருவோம். மாஜிக்கு இதில் லாபமா?

நாளொன்றுக்கு மூன்று லிட்டர் டீசல். இங்கே விலை லிட்டருக்கு 90 ரூபாய்க்கு மேல். 275 ரூபாய் என்று வையுங்கள். பாட்டரியை நிரப்ப 8 யூனிட், 65 ரூபாய். நாளுக்கு 210 மிச்சம். வருஷத்தில் 250 நாள் ஓட்டினால் 52,500. ஆனால் ஈய பாட்டரி ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம்தான் உழைக்கும். புது செட்டுக்கு 40,000 எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 12,500. அதிலும் வேகம் குறைந்ததால் ஒரு நடை குறையும். கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் பெரிதாக நிற்காது.

லித்தியம் போட்டால் ஆறு ஏழு வருஷம் ஓடும், மொத்தக் கணக்கில் நல்ல லாபம். ஆனால் முதல் நாளே ஒரு லட்சத்துக்கு மேல் போட வேண்டும். அன்றாடம் டீசலுக்கே கடன் வாங்கும் மனிதரிடம் ஒரு லட்சம் எங்கே? ஏழைக்கு நாளைக்கு மிச்சமாகும் பணம் இன்றைக்குச் சோறு போடாது.

ஆகவே இன்றைய நிலவரம் இதுதான். மழைக்காலத்தில், ஓட்டம் மூர்க்கமாக இருக்கும்போது, மாஜி பழைய என்ஜினை ஏற்றிக்கொள்கிறார். துர்கா பூஜை, காளி பூஜை முடிந்து ஆறு அடங்கியதும் மோட்டார் ஏறுகிறது, பங்குனி சித்திரை வரை. பாதி வருஷம் புகை, பாதி வருஷம் மௌனம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், தோல்வி என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1906-ல் வ.உ.சி. எங்கள் ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிப் போகத் தயாரானது. அவரைச் சிறையில் அடைத்தார்கள், கம்பெனி மூழ்கியது. இங்கே நம் வங்காளி நண்பர்கள் பலருக்கே தெரியாத செய்தி: அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1884-ல், தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 'சரோஜினி' என்ற நீராவிக் கப்பலைப் பாரிசால் பக்கம் விட்டார். அவரையும் வெள்ளைக்காரக் கம்பெனி இதே கட்டணப் போட்டியில் வீழ்த்தியது. இருவரும் கப்பல் ஓட்டத் தெரியாமல் தோற்கவில்லை. தாக்குப்பிடிக்க முதல் இல்லாமல் தோற்றார்கள். மாஜிக்கும் அதே இல்லாமைதான்.

பெரிய படகுகளுக்கு அரசு இருக்கிறது, உலக வங்கி இருக்கிறது. சின்னப் படகுக்கு யார்? டோட்டோ வாங்கத் தவணைக் கடன் கொடுக்கிறார்கள். படகில் வைக்கும் பாட்டரிக்கும் அப்படி ஒன்று கிடைத்தால், ஐந்தே வருஷத்தில் இந்த ஆற்றின் சத்தம் மாறிவிடும் என்பது என் நம்பிக்கை. நம் சங்கத்தில் வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள், என்ஜினியர்கள் இருக்கிறார்கள், கணக்கர்கள் இருக்கிறார்கள். இந்த ஊர் நமக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து, ஒரே ஒரு மாஜிக்கு ஒரே ஒரு லித்தியம் பாட்டரி எப்படி வாங்கித் தருவது, அவர் எப்படித் திருப்பிக் கட்டுவது என்று யோசித்தால் என்ன? என் பங்குக்கு வயரிங் வேலை இலவசம். இந்தத் தடவை போல்ட்டைச் சாவி போட்டே இறுக்குகிறேன்.

போன மார்கழியில் ஒரு மாலை. பேலூருக்கு எதிரே நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தோம். மடத்தில் ஆரத்தி மணி அடித்தது. மாஜி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்து, "தாதா, மணி அடிக்கிறதா?" என்று என்னைக் கேட்டார்.

"அடிக்கிறது" என்று தலையை ஆட்டினேன்.

"எனக்கும் லேசாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

போன காது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் சுக்கான் பிடிக்க இப்போது அவர் மகன் பழகிக்கொண்டிருக்கிறான். அவனுடைய காது மிஞ்சட்டும்.